அண்ணன் பெயரில் ஓடிய தொடர்

14

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எரிக் வீட்டை விட்டுப் போனபோது அவன் அம்மா லீசா கோஸ்கெலா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "பொய் சொல்ற பிள்ளைக்கு இந்த வீட்டுல இடம் கிடையாது."

குடித்துவிட்டு வண்டி ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்ததை அவன் இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தான். மறுநாளே வடக்கே தங்கச் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் சின்ன விமானத்தில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை மையாவுக்கு மட்டும் அக்டோபர் நடுவில் செல்போனில் ஒரு செய்தி வந்தது. "கொஞ்ச நாள் என்னை விட்டுடு. அம்மாகிட்ட எதுவும் சொல்லாத."

மையா சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவர்கள் ஊரான தண்டர் பேயில் பனி இரண்டு முறை விழுந்து ஒரு முறை கரைந்தும் விட்டது.

இன்று நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. லீசா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு விடுப்பு நாள். விடுப்பு நாளில் அவள் குரல் இன்னும் கொஞ்சம் உரக்கவே கேட்கும்.

"பத்து மணிக்கு லேப்தானே? எட்டே முக்கால் ஆச்சு."

"பஸ் இருக்கும்மா."

"பஸ் இருக்கும். நீ இருப்பியான்னுதான் கேக்குறேன்."

மையா ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றாள். கல்லூரியில் செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு அது பெருமை. தன் இல்லத்தில் இருக்கும் கிழவர்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

"எரிக் பேசினானா?" என்று மையா கேட்டாள். தினமும் கேட்கிற கேள்வி.

"நல்லாத்தான் இருக்கான்."

"உங்கிட்ட பேசினானான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கான்னா நல்லாத்தான் இருக்கான். முட்டையத் தின்னு, ஆறிப்போகுது."

அம்மாவின் முகத்தில் கவலை இல்லை. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவளின் நிம்மதி இருந்தது. சுரங்கத்து முகாமிலிருந்து யாரோ தகவல் சொல்கிறார்கள் என்று மையா நினைத்துக்கொண்டிருந்தாள். கௌரவம் பார்க்கிறவள் அம்மா, யார் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அதனால் மையாவும் நிம்மதியாக இருந்தாள். வீட்டில் ஒருத்தி நிம்மதியாக இருந்தால் அடுத்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இன்னிக்கு ஒரு மணிக்குத்தானே உன் காலேஜ் ரேடியோ? கேக்குறேன்" என்றாள் லீசா.

"வேண்டாம்மா."

"ஏண்டி, ஊரே கேக்கலாம், நான் கேக்கக் கூடாதா?"

"ஊரு எங்க கேக்குது? மொத்தம் ஒம்பது பேரு. அதுல மூணு பேரு ஹர்லீனோட சித்தப்பா வீடு."

லீசா சிரித்தாள். மையா தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் ஆய்வகத்தின் கதவுக்கு வெளியே நின்றாள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எலும்புக்கூட்டைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அதன் கையைத் தூக்கி இன்னொருத்திக்கு 'ஹலோ' சொன்னாள்.

இன்றைக்கு உள்ளே போய்விட வேண்டும் என்று இரவே முடிவு செய்திருந்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். அக்டோபர் தேர்வில் உடற்கூறியலில் நாற்பத்தொன்று வாங்கியதிலிருந்து, வாரத்தில் நான்கு நாள் முடிவு செய்வதும் நான்கு நாள் திரும்புவதுமாக இருந்தது.

இன்றும் திரும்பினாள். நூலகத்தின் நிலவறைக்குப் படி இறங்கினாள்.

அங்கே பழைய பத்திரிகைகள் வைத்திருக்கும் மூலையில் ஒரு மேசை அவளுடையது என்றே ஆகிவிட்டது. மடிக்கணினியைத் திறந்து, காதில் ஒலிப்பானைச் செருகி, தொடர் பார்க்கும் தளத்தில் வீட்டுக் கணக்கில் நுழைந்தாள். திரையில் ஆளுக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள் வந்தன. பூனைப் படம் போட்டது அம்மாவுடையது. ராக்கெட் போட்டது அவளுடையது. கரடி போட்டது எரிக்குடையது.

அவள் கரடியைத் தொட்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வசந்த காலத்தில் ஒரு முறை அவள் தன் கட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டுபிடித்துவிட்டாள். "செவ்வாய்க்கிழமை காலையில பத்தரைக்கு மூணாவது எபிசோடு பாத்திருக்க. டீச்சரும் கூட உக்காந்து பாத்தாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. எரிக் விஷயத்துக்குப் பிறகு வேடிக்கையாகப் போகாது. அண்ணன் கட்டத்தை யார் திறக்கப் போகிறார்கள்? அவனுக்கு முகாமில் இணையம் கிடைக்கிறதோ என்னவோ.

'ஹாலோ பே' என்ற துப்பறியும் தொடரை எரிக் இரண்டாவது சீசனில் பாதியில் விட்டிருந்தான். அவள் அங்கிருந்தே தொடங்கினாள். நேற்று ஆறாவது சீசனை முடித்தாள். இன்று ஏழின் முதல் பகுதி.

பார்த்ததும் நோட்டில் எழுதுவது அவள் வழக்கம். தேதி, நேரம், பத்துக்கு எத்தனை, ஒரு வரி. 'நவ. 14, காலை 10.12. நாலு. இறந்தவன் இறக்கவில்லையாம். எழுதினவர் வெட்கப்பட வேண்டும்.' உடற்கூறியலுக்கு இந்த ஒழுங்கில் பாதி இருந்தால் போதும் என்று அவளுக்கே தெரியும்.

ஒரு மணிக்கு அவளும் ஹர்லீனும் கல்லூரி வானொலியின் சின்ன அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். நடுவில் இளஞ்சிவப்புப் பூச்சு வழியும் இரண்டு பெர்சியன் இனிப்பு ரொட்டி. ஹர்லீன் தெற்கே பிராம்ப்டன் நகரத்துக்காரி, கணக்கியல் படிக்கிறாள். தண்டர் பேயில் தனக்குப் பிடித்தது இந்தப் பண்டம் ஒன்றுதான் என்று வானொலியிலேயே அறிவித்தவள்.

"நேயர்களே, இது 'அரை மணி அபிப்பிராயம்'. மையா இன்னிக்குக் கோவமா இருக்கா. ஏன்னு கேளுங்க."

"எந்தத் தொடரையும் நாலு சீசனோட நிறுத்தணும்னு சட்டம் வரணும்" என்றாள் மையா. "அஞ்சாவதுல இரட்டைப் பிறவி வரும். ஆறாவதுல எல்லாரும் பாட்டுப் பாடுவாங்க. ஏழாவதுல செத்தவன் திரும்பி வருவான். கதை தீந்துபோச்சுன்னு நேரா சொல்லிட்டா நாங்க என்ன அடிக்கவா போறோம்?"

"செத்தவன் வந்தா எனக்குச் சந்தோஷம்தான்ப்பா. எனக்கு அந்த இன்ஸ்பெக்டரப் பிடிக்கும்."

"உனக்கு அவன் கோட்டுதான் பிடிக்கும்."

"கோட்டும் நடிப்புதான். அப்புறம், ஒன்றரை மடங்கு வேகத்துல பாக்குறவங்களப் பத்தி உன் தீர்ப்பு?"

"உள்ள போடணும். ஜாமீன் கூடாது."

"நான் அப்படித்தான் பாக்குறேன்."

"தெரியும். அதான் ஜாமீன் கூடாதுன்னேன்."

அப்போது தொலைபேசியின் பச்சை விளக்கு மின்னியது. அது மின்னுவதே அபூர்வம். ஹர்லீன் ஆவலாகப் பொத்தானை அமுக்கினாள். குரல் நேராக ஒலிபரப்பில் விழுந்தது.

"வணக்கம். நான் ஒரு நேயர். பேரு வேண்டாம்."

மையா கண்ணை மூடிக்கொண்டாள். ஹர்லீன் வாயைப் பொத்திச் சிரித்தாள். "சொல்லுங்க ஆன்ட்டி… அதாவது, பேர் சொல்லாத நேயர்."

"அந்தச் செத்தவன் திரும்பி வர்றது எனக்குப் பிடிச்சுது" என்றாள் லீசா. "இப்பத்தான் பாத்தேன். உங்க மையாவுக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு."

"நீங்களும் 'ஹாலோ பே' பாக்குறீங்களா?"

"என் பையன் பாக்குறான். அவன் பாத்ததுக்கு அப்புறம் நான் பாப்பேன். அவன் தூரத்துல வேலை செய்றான். எம்மேல கோவம், பேச மாட்டான். ஆனா டிவியத் தொறந்தா அவன் கரடிக்குக் கீழ எவ்வளவு பாத்தான்னு காட்டுற அந்தச் சிவப்புக் கோடு இருக்கே, அது தெனம் கொஞ்சம் நகந்திருக்கும். ராத்திரி ஷிஃப்டு போல, நேத்துப் பகல் பதினோரு மணிக்கு ஆறாவது சீசன் முடிச்சான். இன்னிக்குக் காலையில அடுத்தது ஆரம்பிச்சுட்டான். அதப் பாத்தாத்தான் எனக்கு வேலையே ஓடும். சாப்பிட்டானோ இல்லையோ, சீரியல் பாக்குறான், அப்ப உயிரோட நல்லா இருக்கான்னு அர்த்தம். அதனால நாலு சீசனோட நிறுத்தணும்னெல்லாம் சட்டம் போடாதீங்க. எனக்கு இருபது சீசன் வேணும்."

ஹர்லீன் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டு வைத்தாள்.

மையா பெர்சியனைக் கீழே வைத்தாள். ஒலிவாங்கி முன்னால் காத்திருந்தது. இரண்டு நொடி, மூன்று நொடி. ஹர்லீன் அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று ஒரு பாட்டைப் போட்டாள்.

"என்னடி?"

"அது அண்ணன் இல்ல. நான்."

மையா மடிக்கணினியைத் திறந்து கரடியின் கட்டத்தில் பார்த்தவற்றின் பட்டியலை எடுத்தாள். பக்கத்தில் நோட்டை விரித்தாள். விரல் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். நவம்பர் பதின்மூன்று, அவள். பன்னிரண்டு, அவள். ஐந்தாம் தேதி மூன்று பகுதிகள், மூன்றும் அவள். அக்டோபர் இருபத்திரண்டு, செவ்வாய், அவள் தொடங்கிய நாள், அதுவும் அவள்.

அதற்கு முந்தையது அக்டோபர் இருபது, ஞாயிறு, இரவு ஒன்பது பத்து. பாதியில் நிறுத்தியது. அது எரிக்.

அதற்குப் பிறகு அவன் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை திறந்தபோதும் தொடர் அவள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. அதை அவள் வசதி என்று நினைத்துவிட்டாள். பத்துக்கு எத்தனை என்று மார்க் போடத் தெரிந்தவளுக்கு இது கண்ணில் படவில்லை.

அவன் எண்ணை அழைத்தாள். மணியே அடிக்கவில்லை. குரல்பெட்டி நிறைந்துவிட்டது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள். அதே குரல்.

"வீட்டுக்குப் போ" என்றாள் ஹர்லீன். "மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

"எப்படிச் சொல்றது? கிளாஸுக்குப் போகாததையும் சேத்துச் சொல்லணும். பொய் சொன்னதுக்கு எங்க அண்ணனுக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"வீட்ட விட்டுப் போனது வரைக்கும் தெரியும்" என்றாள் ஹர்லீன். "அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உனக்கே தெரியாதே."

மையா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. சொல்லாமல் விட்டால் அம்மா இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குவாள். நாளைக்குக் கோடு நகரவில்லை என்றால் நாளன்றைக்குக் கவலைப்படுவாள். நகர்த்திக்கொண்டே இருக்கலாம். பத்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு. இந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினாள்.

லீசா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "வாடி, பேர் சொல்லாத நேயர் எப்படிப் பேசினாங்க? ஹர்லீன் சிரிச்சாளே, நீ ஏன் வாயே தொறக்கல? வெக்கமாப் போச்சா?"

"அம்மா, உக்காரு."

"கையெல்லாம் மாவு."

"பரவால்ல, உக்காரும்மா."

லீசா உட்காரவில்லை. மையா நின்றுகொண்டே சொன்னாள். நாற்பத்தொன்றைச் சொன்னாள், ஆய்வகக் கதவைச் சொன்னாள், நிலவறையைச் சொன்னாள். அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அப்புறம் கரடியைச் சொன்னாள்.

"புரியல" என்றாள் லீசா.

"எரிக் கட்டத்துல பாத்தது நான்மா. எல்லாம் நான்."

லீசா மாவுக் கையோடு முன்னறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். கரடியைத் திறந்தாள். ரிமோட்டின் மேல் வெள்ளை விரல் தடம் விழுந்தது.

"இது?"

"நான்."

"அஞ்சாந்தேதி. மூணு எபிசோடு. லீவு போல, பாவம், படுத்துக்கிட்டுப் பாக்குறான்னு நெனச்சேன்."

"நான்மா."

"இது?"

"அம்மா, இருபதாந்தேதிக்கு அப்புறம் எல்லாமே நான். அண்ணன் ஃபோன் போகல. மணியே அடிக்கல."

லீசா பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனாள். ஏதாவது ஒன்று தப்பியிருக்கும் என்று தேடுகிறவள் மாதிரி. பிறகு நிறுத்தினாள்.

"எனக்குக் கொலை, ரத்தம் எல்லாம் பிடிக்காது" என்றாள். "தெரியுமில்ல உனக்கு? தலகாணிய மூஞ்சில வச்சுக்கிட்டுப் பாத்தேன். ஒவ்வொண்ணும். அவன் கூப்பிட்டா பேச ஏதாவது வேணுமேன்னு."

மையாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. "என்னைத் திட்டும்மா" என்றாள்.

"அது அப்புறம். அதுக்கு நிறைய நேரம் இருக்கு." லீசாவின் குரல் மாறியிருந்தது. இல்லத்தில் யாராவது கீழே விழுந்தால் வரும் குரல். "கடைசியா அவன் உனக்கு என்ன அனுப்பினான்? தேதி சொல்லு."

மையா செய்தியைக் காட்டினாள். அம்மா இரண்டு முறை படித்தாள். 'அம்மாகிட்ட எதுவும் சொல்லாத' என்ற இடத்தில் கண் நின்றது.

கையைக்கூடக் கழுவாமல் தொலைபேசியை எடுத்தாள். முகாமின் சமையலறையில் வெண்டி என்று ஒருத்தி வேலை செய்கிறாள். லீசாவோடு பள்ளியில் படித்தவள்.

"அவள முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றாள் மையா.

"கேட்டா, என் பையன் எங்கிட்ட பேசுறதில்லன்னு ஊருக்கே தெரியும்." எண்ணை அமுக்கினாள். "அதான் கேக்கல."

நெடுநேரம் மணி அடித்தது. பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே வெண்டி எடுத்தாள். அவள் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"லீசாவா! என்ன அதிசயம்! எரிக் எப்படி இருக்கான்?"

லீசா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்… அவன் அங்க இல்லையா?"

"இங்கயா? அவன் போயி மூணு வாரத்துக்கு மேல ஆச்சே. வேலைய விட்டுட்டான். திங்கக்கிழமை விமானம், நாந்தான் சாண்ட்விச் கட்டிக் குடுத்தேன். எங்கடான்னு கேட்டேன். வீட்டுக்கு, அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன்னான். என்ன லீசா, வந்துட்டான்ல?"

முன்னறையில் தொலைக்காட்சி, ஆள் பார்க்கிறாரா என்று கேட்டுவிட்டுத் தானே மங்கியது. லீசாவின் உதடு அசைந்தது.

"வந்துட்டான்" என்றாள். "வந்துட்டான் வெண்டி. தூங்குறான். சும்மாதான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டாள்.

"அம்மா!" என்றாள் மையா.

லீசா தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மாவு அப்பியிருந்தது. கன்னத்திலும் அப்பியிருந்தது. அவள் அழவில்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவள் போல இருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"தெரியல." மூச்சை இழுத்து விட்டாள். "தானா வந்துருச்சு."

வெளியே பனித்தூறல் ஜன்னலில் ஒட்டத் தொடங்கியிருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. விளக்குப் போட வேண்டிய இருட்டு. அக்டோபர் இருபத்தொன்றாம் தேதித் திங்கள், செவ்வாய், புதன் என்று மையா மனத்துக்குள் எண்ணினாள். அண்ணன் இந்த ஊரில் வந்து இறங்கி இருபத்து நான்கு நாள். அவனிடம் வண்டி இல்லை, லைசென்ஸ் இல்லை. விமான நிலையத்திலிருந்து இந்த வீடு இருபது நிமிடம்.

லீசா மறுபடியும் எண்ணை அமுக்கினாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"வெண்டி, நான் சொன்னது பொய். அவன் வரல. வீட்டுக்கு வரவே இல்ல. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. யாரையோ சும்மா இருக்கச் சொன்னது கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் ஓசை. வெண்டி பேசியபோது குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"அப்படின்னா, அவங்கூட அன்னிக்கு அந்த விமானத்துல ஏறினவன் யாருன்னு சொல்றேன். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாத, லீசா. எழுதிக்கோ."

லீசா மேசையில் கிடந்த ரொட்டி உறையைக் கிழித்து மகளிடம் நீட்டினாள். மையா பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.